கதிரவன் ஒளியும் கடல் நுண்பாசியும்
வைட்டமின் ‘டி’ பிறக்கும் விதம் பற்றிய ஓர் அறிவியல் விளக்கம்

மீனெண்ணெய் குடித்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு தேக்கரண்டி விழுங்கிவிட்டு, நாற்றம் போக உடனே ஓர் ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்ட நாள்களை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எலும்பு உறுதிப்படும், பிள்ளை நன்றாக வளரும் என்று சொல்லியே அதைக் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கை தவறன்று. அந்த எண்ணெயில் வைட்டமின் ‘டி’ என்னும் உயிர்ச்சத்து மிகுதியாக உண்டு.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வைட்டமின் ‘டி’யைச் சூரிய ஒளி வைட்டமின் என்கிறோம். வெயில் பட்டால்தான் அது உண்டாகும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் மீனெண்ணெய்க்குப் பேர்போன காட் மீனோ வட அட்லாண்டிக் பெருங்கடலின் குளிர்ந்த ஆழத்தில் வாழ்கிறது. அங்கே வெயில் எட்டுவதில்லை. வெயிலையே காணாத மீனின் ஈரலில் வெயிலின் சத்து வந்தது எப்படி?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னஞ்சிறு உயிரிடம் போய்ச் சேருவோம். அதுதான் கடல் நுண்பாசி. அது வெயிலை எப்படித் தாங்குகிறது, அதே வெயிலைக் கொண்டு வைட்டமினை எப்படி உண்டாக்குகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மீன் உண்ணாத சைவக் குடும்பங்களுக்கு இதில் தனிப்பட்ட அக்கறை இருக்கிறது. ஆண்டு முழுவதும் வெயில் காயும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வைட்டமின் ‘டி’ குறைவு பரவலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆண்களைவிடப் பெண்களிடமும், சீனர்களைவிட இந்தியர், மலாய்க்காரர்களிடமும் அக்குறைவு கூடுதலாகக் காணப்படுகிறது. ஆகவே இது நம் வீட்டுச் செய்தியுங்கூட.

வைட்டமின் ‘டி’ கண்டறியப்பட்ட வரலாறு

நாம் உண்ணும் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ளத் துணை செய்வது வைட்டமின் ‘டி’. அது குறைந்தால் பால் குடித்தும் பயன் குறைவு. பிள்ளைகளுக்கு எலும்பு மென்மையாகிக் கால்கள் வில்லாக வளையும். இதற்கு ரிக்கெட்ஸ் என்று பெயர். பெரியவர்களுக்கு எலும்பு வலியும் தசைத் தளர்ச்சியும் தோன்றும். முதியோருக்கு எலும்பு முறியும் வாய்ப்பு கூடும்.

கரிப்புகை சூழ்ந்த ஐரோப்பிய நகரங்களில் ரிக்கெட்ஸ் நோய் ஒரு காலத்தில் பிள்ளைகளைப் பெரிதும் வாட்டியது. 1919ஆம் ஆண்டு வாக்கில் இரண்டு வேறு வழிகளில் இந்நோய்க்கு மருந்து கிடைத்தது. இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி என்பவர் நாய்க்குட்டிகளை வைத்து ஆராய்ந்து, காட் மீன் ஈரல் எண்ணெய் இந்நோயைத் தடுக்கிறது என்று காட்டினார். அதே காலத்தில் பெர்லின் நகரில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்னும் மருத்துவர், பாதரச விளக்கின் புற ஊதா ஒளியை நோயுற்ற பிள்ளைகளின் உடலில் படச் செய்து அவர்களைக் குணப்படுத்தினார். ஒருவர் எண்ணெயால் தீர்த்த நோயை மற்றவர் ஒளியால் தீர்த்தார். எண்ணெய்க்கும் ஒளிக்கும் என்ன உறவு என்பது அன்று யாருக்கும் விளங்கவில்லை.

1922இல் அமெரிக்காவைச் சேர்ந்த மெக்காலம், எண்ணெயிலுள்ள இச்சத்து வைட்டமின் ‘ஏ’ அன்று, வேறொன்று என்று நிறுவினார். ஏ, பி, சி ஆகிய எழுத்துகள் ஏற்கெனவே பயன்பட்டுவிட்டதால் இதற்கு ‘டி’ என்று பெயரிட்டார். 1924இல் ஸ்டீன்பாக் என்பவர், உணவுப் பொருள்களின் மீது புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் அவ்வுணவே நோயைத் தீர்க்கும் ஆற்றலைப் பெறுகிறது என்று கண்டார். ஆக, ஒளி பட்டதும் வைட்டமினாக மாறக்கூடிய ஒரு மூலப்பொருள் உணவிலும் உடலிலும் இருக்கிறது என்பது தெளிவாயிற்று. அந்த மூலப்பொருள்கள் ஸ்டீரால் என்னும் கொழுப்பு வகையைச் சேர்ந்தவை. இத்துறையில் உழைத்த ஜெர்மானிய வேதியியல் அறிஞர் அடால்ஃப் வின்டாஸ் 1928இல் நோபல் பரிசு பெற்றார்.

ஒளி செய்யும் வேலை

சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உண்டு. அலைநீளத்தை வைத்து அவற்றை மூன்றாகப் பிரிப்பார்கள். 315 முதல் 400 நானோமீட்டர் வரை ‘ஏ’ கதிர்; 280 முதல் 315 வரை ‘பி’ கதிர்; அதற்கும் குறைந்தது ‘சி’ கதிர். வானின் உயரத்திலுள்ள ஓசோன் படலம் ‘சி’ கதிரை முழுவதும் தடுத்துவிடுகிறது. ‘பி’ கதிரில் பெரும் பகுதியையும் தடுத்து, சிறு பகுதியை மட்டுமே கீழே விடுகிறது. ‘ஏ’ கதிர் பெரும்பாலும் தடையின்றி வந்து சேர்கிறது.

வைட்டமினை உண்டாக்குவது ‘பி’ கதிரே. மூலப்பொருளான ஸ்டீராலை, நான்கு வளையங்களைக் கோத்த ஒரு சிறு சங்கிலியாக நினைத்துக்கொள்ளுங்கள். ‘பி’ கதிர் பட்டவுடன் இரண்டாவது வளையத்தில் ஓரிடம் அறுந்து, வளையம் திறந்துகொள்கிறது. இப்படித் திறந்த பொருளை முன்வைட்டமின் என்பர். ஒளியின் வேலை இதோடு முடிந்தது. இனி வெப்பத்தின் வேலை. சூட்டினால் முன்வைட்டமின் மெல்லத் தன் வடிவை மாற்றிக்கொண்டு வைட்டமின் ‘டி’ ஆகிறது. நம் உடற்சூட்டில் இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். குளிர்ந்த இடத்தில் இன்னும் நேரமாகும்.

மூலப்பொருள் எதுவோ, அதற்கேற்பப் பிறக்கும் வைட்டமினும் வேறுபடும். காளான், ஈஸ்ட், சில பாசிகள் ஆகியவற்றிலுள்ள எர்கோஸ்டீராலிலிருந்து ‘டி2’ உண்டாகிறது. மனிதத் தோலிலுள்ள 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால் என்னும் பொருளிலிருந்து ‘டி3’ உண்டாகிறது. மீனெண்ணெயில் இருப்பது பெரும்பாலும் ‘டி3’. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

நுண்பாசி என்பது யாது?

கடற்கரைப் பாறைகளில் படர்ந்திருக்கும் பெரிய பாசிகளை நாம் பார்த்திருக்கிறோம். அகர்-அகர் செய்யப் பயன்படுவதும் பெரிய பாசியே. நுண்பாசி வேறு. அது ஒரே உயிரணுவால் ஆனது. நீரில் மிதந்து வாழ்வது. ஒரு தேக்கரண்டிக் கடல்நீரில் ஆயிரக்கணக்கில் இருக்கும். நானோகுளோராப்சிஸ் என்னும் வகை, ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ முந்நூறு வரிசையாக அடங்கும் அளவுக்குச் சிறியது.

உருவில் சிறிதாயினும் இவற்றின் பணி பெரிது. நிலத்துத் தாவரங்களைப் போல இவையும் சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கின்றன. உலகில் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி கடலில் மிதக்கும் இத்தகைய நுண்ணுயிர்களால் நடைபெறுகிறது. கடலில் வாழும் இறாலும் நெத்திலியும் சுறாவும் முடிவில் இவற்றை நம்பியே வாழ்கின்றன.

வெயிலால் வரும் இடர்

ஒளி வேண்டுமானால் நீரின் மேற்பரப்புக்கு அருகில் இருந்தாக வேண்டும். மேற்பரப்பில் இருந்தாலோ புற ஊதாக் கதிரும் தாக்கும். நுண்பாசியின் வாழ்க்கையில் இதுவே பெரிய சிக்கல். மரத்துக்குப் பட்டை உண்டு. நமக்குத் தடித்த தோல் உண்டு. ஒரே உயிரணுவாலான பாசிக்கு அப்படிப்பட்ட கவசம் இல்லை. உள்ளே புகும் கதிர் நேரே அதன் மரபுப் பொருளான டி.என்.ஏ.வைச் சென்று தாக்கும். அங்கே அடுத்தடுத்துள்ள இரண்டு கண்ணிகள் தவறாக ஒட்டிக்கொள்ளும். பிறகு உயிரணு பிளந்து பெருக முடியாமற் போகும். ஒளிச்சேர்க்கை நடைபெறும் பகுதியிலுள்ள புரதங்களும் சிதையும்.

இந்தத் தீங்கு எவ்வளவு பெரியது என்பது தென்துருவத்தில் வெளிப்பட்டது. அண்டார்டிகாவின் மேலே ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்திருப்பதை 1985இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அங்குள்ள பனி விளிம்புக் கடலில் 1990இல் அளவெடுத்த அமெரிக்க ஆய்வாளர்கள், ஓட்டையின் வழியே கூடுதலாக வந்த ‘பி’ கதிரால் நுண்பாசிகளின் உணவு உற்பத்தி குறைந்தது 6 முதல் 12 விழுக்காடு வரை குறைந்திருந்தது என்று 1992இல் வெளியிட்டனர். ஓசோனைக் கெடுக்கும் இரசாயனங்களைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் 1987இல் செய்துகொண்ட மாண்ட்ரியல் உடன்படிக்கை இந்தக் கடல் உயிர்களையும் காத்தது எனலாம்.

எல்லாக் கடலிலும் கதிர் ஒரே அளவு ஆழம் செல்வதில்லை. தெளிந்த நடுக்கடலில் அது பல மீட்டர் ஆழம்வரை இறங்கும். கலங்கிய கரையோர நீரில் விரைவில் மங்கிவிடும். நம் அருகிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், சுமத்திராவின் கரிச்சதுப்பு நிலங்களிலிருந்து தேநீர் நிறத்தில் ஓடிவரும் ஆற்றுநீர் சிங்கப்பூர் நீரிணை வரை வந்து கலக்கிறது. அந்தப் பழுப்பு நிறப் பொருள் புற ஊதாக் கதிரை விழுங்கிக்கொள்கிறது. அப்போது அந்நீரிலுள்ள பாசிக்குக் குடை பிடித்தாற்போல் ஆகிவிடுகிறது.

பாசியின் தற்காப்பு

இயற்கை அந்த உயிரைக் கைவிடவில்லை. பாசி நான்கு வகைகளில் தன்னைக் காத்துக்கொள்கிறது.

முதலாவது, விலகிப்போதல். நீந்தக்கூடிய சில பாசிகள், வெயில் கடுமையாகும்போது கீழே இறங்கிவிடுகின்றன.

இரண்டாவது, மறைப்பு. பல பாசிகள் மைக்கோஸ்போரின் வகை அமினோ அமிலங்களை உண்டாக்கி உடலில் நிரப்பிக்கொள்கின்றன. இவை 310 முதல் 360 நானோமீட்டர் வரையுள்ள கதிர்களை உறிஞ்சிக்கொண்டு, அதனால் வரும் ஆற்றலைத் தீங்கில்லாத வெப்பமாக வெளியேற்றிவிடுகின்றன. நாம் கடைகளில் வாங்கிப் பூசும் வெயில் தடுப்புக் களிம்பின் வேலையும் ஏறத்தாழ இதுவே.

மூன்றாவது, நச்சு நீக்கம். கதிர் பட்டதால் உயிரணுவுக்குள் தோன்றும் கொடிய ஆக்சிஜன் வகைகளைக் கரோட்டினாய்டு என்னும் மஞ்சள், செந்நிறப் பொருள்கள் தணிக்கின்றன. உப்பளங்களில் வாழும் டுனாலியெல்லா என்னும் பாசி கடும் வெயிலில் பச்சை நிறம் மாறிச் சிவந்து போவது இதனால்தான். கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினையே அது தன்னுள் சேர்த்துக்கொள்கிறது.

நான்காவது, பழுது பார்த்தல். தவறாக ஒட்டிக்கொண்ட டி.என்.ஏ. கண்ணிகளைப் பிரித்துவிட ஃபோட்டோலையேஸ் என்னும் நொதி உள்ளது. அந்த நொதி இயங்குவதற்கு வேண்டிய ஆற்றலை நீல ஒளியிலிருந்தும் ‘ஏ’ கதிரிலிருந்தும் பெறுகிறது. காலை முதல் மாலை வரை ஒரே வெயிலில் ஒரு கதிர் கெடுத்துக்கொண்டிருக்க, இன்னொரு கதிர் அதைத் திருத்திக்கொண்டிருக்கிறது.

வைட்டமின் பிறக்கும் இடம்

இத்தனை தற்காப்பையும் கடந்து ஓரளவு ‘பி’ கதிர் உள்ளே புகத்தான் செய்கிறது. அங்கே உயிரணுவின் மெல்லிய சவ்வுகளில் ஸ்டீரால்கள் அமர்ந்திருக்கின்றன. கதிர் பட்டதும் வளையம் திறக்கிறது. முன்வைட்டமின் உண்டாகிறது. அது மெல்ல வைட்டமின் ‘டி’ ஆகிறது. நம் தோலில் நடப்பது எதுவோ அதுவே பாசியிலும் நடக்கிறது.

எமிலியானியா ஹக்ஸ்லேயி என்பது சுண்ணாம்புத் தகடுகளை மேலே போர்த்திக்கொண்ட ஒரு கடல் நுண்பாசி. அது பெருகும்போது கடல் பால் நிறமாக மாறுவதைச் செயற்கைக்கோள் படங்களிலும் காணலாம். வைட்டமின் ‘டி’ ஆராய்ச்சியில் புகழ்பெற்ற பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஹோலிக், இந்தப் பாசியில் எர்கோஸ்டீரால் இருப்பதையும், சூரிய ஒளியைப் போன்ற ஒளியில் அது முன்வைட்டமின் ‘டி2’ ஆக மாறுவதையும் காட்டினார். கதிரை உறிஞ்சிக்கொள்ளும் ஸ்டீரால், பாசியின் மற்ற உறுப்புகளைக் காக்கும் ஒரு மறைப்பாகவும் பயன்பட்டிருக்கலாம் என்பது அவர் முன்வைத்த கருத்து. பாசிக்கு வைட்டமின் ‘டி’யால் என்ன பயன் என்பதில் அறிவியலார் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

இங்கே முன்னர் சொன்ன ‘டி2’, ‘டி3’ வேறுபாடு குறுக்கிடுகிறது. பாசியில் இருப்பது ‘டி2’ மட்டுமே என்றால், மீனின் ஈரலில் ‘டி3’ நிறைந்திருப்பது எப்படி? 1991இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் சோதித்து, அவற்றில் இருவகை வைட்டமினும் அவற்றின் மூலப்பொருள்களும் இருப்பதைக் கண்டனர். 1996இல் ஹைதராபாத் நகரிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்களும், மீனின் வைட்டமின் ‘டி’க்கு உணவுச் சங்கிலியே பிறப்பிடம் என்று எழுதினர்.

தெளிவான சான்று ஒன்று 2020இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. அங்கே நான்கு வகை நுண்பாசிகளை வளர்த்து, விளக்கின் மூலம் ‘பி’ கதிரைப் பாய்ச்சினார்கள். குளோரெல்லா, ரோடோமோனாஸ், ஸ்பைருலினா எனக் கடையில் விற்கப்படும் ஆர்த்ரோஸ்பைரா, நானோகுளோராப்சிஸ் ஆகியவையே அந்த நான்கு. முதல் மூன்றில் வைட்டமின் ‘டி3’ உண்டாகவில்லை. நானோகுளோராப்சிஸில் மட்டும் உண்டாயிற்று. கதிரின் அளவைக் கூட்டக் கூட்ட வைட்டமினும் கூடியது. உலர்ந்த பாசி ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 1 மைக்ரோகிராம் வரை கிடைத்தது.

நானோகுளோராப்சிஸுக்கு மட்டும் இந்தத் திறன் வாய்த்ததற்குக் காரணம் உண்டு. தாவரங்களில் கொலஸ்ட்ரால் இல்லை என்று நாம் கேட்டிருக்கிறோம். இந்தப் பாசி அதற்கு விலக்கு. இதன் முதன்மையான ஸ்டீரால் கொலஸ்ட்ராலே. கொலஸ்ட்ரால் உருவாகும் வழியில் தோன்றும் பொருள்தான் 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால். நம் தோலில் இருக்கும் அதே மூலப்பொருள் இருந்தால் அதே ‘டி3’ பிறப்பதில் வியப்பில்லை.

பாசியிலிருந்து ஈரல் வரை

இப்போது முதற்கேள்விக்கு விடை கூறலாம். மேற்பரப்பில் வாழும் பாசி வெயிலைப் பெற்று வைட்டமினை உண்டாக்குகிறது. மிதக்கும் சிறு விலங்குகள் பாசியைத் தின்கின்றன. சிறு மீன்கள் அவ்விலங்குகளைத் தின்கின்றன. சிறு மீன்களைக் காட் தின்கிறது. வைட்டமின் ‘டி’ கொழுப்பில் கரையும் பொருள். சிறுநீரில் எளிதில் வெளியேறாது. ஆகையால் ஒவ்வொரு படியிலும் அது சேர்ந்துகொண்டே போய், முடிவில் காட் மீனின் ஈரல் கொழுப்பில் தங்குகிறது. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 10 மைக்ரோகிராம் இருப்பது இப்படித்தான். மீன் அதைச் சேமித்து வைத்திருக்கிறது. உண்டாக்கியது வெயிலில் மிதந்த உயிர்.

நம் நாட்டு மீன் குஞ்சுப் பண்ணைகளிலும் இதே சங்கிலியைக் காணலாம். சியாக்காப், கெராப்பு போன்ற மீன்களின் குஞ்சுகளுக்கு இரையாகும் ரோட்டிஃபர் என்னும் நுண்விலங்கை வளர்க்க, தொட்டியில் பச்சைநீர் தயாரிப்பார்கள். அந்தப் பச்சை நிறம் பெரும்பாலும் நானோகுளோராப்சிஸ் பாசியால் வருவது.

சைவ உணவினருக்கு என்ன வழி?

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 மைக்ரோகிராம், அதாவது 600 அனைத்துலக அலகு வைட்டமின் ‘டி’ தேவை என்று பரிந்துரைக்கப்படுகிறது. முதியோருக்கு 20 மைக்ரோகிராம். காய்கறி, பருப்பு, அரிசி ஆகியவற்றிலிருந்து இந்த அளவைப் பெற முடியாது. பசும்பாலில் இயல்பாக இருப்பதும் மிகச் சிறிதே. வைட்டமின் சேர்க்கப்பட்ட பாலிலும் பால் மாவிலும் கிடைக்கும். உறைமீது அச்சிட்டிருக்கும் அளவைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

அப்படிச் சேர்க்கப்படும் ‘டி3’ எங்கிருந்து வருகிறது என்று சைவர்கள் கேட்பது நியாயமே. பெரும்பாலும் செம்மறியாட்டு ரோமத்தில் படிந்திருக்கும் கொழுப்பிலிருந்து மூலப்பொருளைப் பிரித்து, புற ஊதா விளக்கின்கீழ் வைத்துத் தயாரிக்கிறார்கள். ரோமத்தைக் கத்தரித்து எடுப்பதால் இதற்காக ஆட்டைக் கொல்வதில்லை. அதையும் விரும்பாதவர்களுக்கு லைக்கன் என்னும் பாறைப்பாசியிலிருந்து எடுத்த ‘டி3’ மாத்திரைகள் இருக்கின்றன.

காளான் சாப்பிடுபவர்களுக்கு எளிய வழியொன்று உண்டு. கடைக் காளான் பெரும்பாலும் இருட்டறையில் வளர்வதால் அதில் ‘டி’ மிகக் குறைவு. ஆனால் எர்கோஸ்டீரால் நிறைய இருக்கிறது. சமைக்குமுன் காளானை நறுக்கிப் பரப்பி நடுப்பகல் வெயிலில் சிறிது நேரம் வைத்தால், ‘டி2’ நன்கு உண்டாகும். வெயில் நேராகப் பட வேண்டும். கண்ணாடி சன்னலுக்குப் பின்னால் வைத்தால் பயனில்லை. கண்ணாடி ‘பி’ கதிரைத் தடுத்துவிடும்.

ஸ்பைருலினா மாத்திரை விழுங்கினால் எல்லா வைட்டமினும் கிடைத்துவிடும் என்று எண்ணுவோர் பலர். அதில் புரதம் உண்டு. வேறு சத்துகளும் உண்டு. ஆனால் மேலே கண்ட ஆய்வில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சியும் அதில் வைட்டமின் ‘டி3’ தோன்றவில்லை. பச்சையாக இருப்பதெல்லாம் ஒரே பாசி அன்று. நானோகுளோராப்சிஸைக்கூட விளக்கொளியில் வளர்த்து, ஆய்வில் கிடைத்த மிக உயர்ந்த அளவை அடைந்தாலும், நாள் தேவைக்கு 15 கிராம் தூள் உண்ண வேண்டியிருக்கும். அது ஏறத்தாழ இரண்டு மேசைக்கரண்டி. சைவர்களுக்கு மீனின் துணையின்றி ‘டி3’ தரும் நல்ல வழியாக அது வளரக்கூடும். அதுவரை மாத்திரைப் புட்டியில் ‘பாசி’ என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்காமல், ‘டி’ எத்தனை மைக்ரோகிராம் என்று பார்ப்பதே அறிவுடைமை.

இளவெயிலும் நடுவெயிலும்

நம் சமயத்தில் கதிரவன் வழிபாடு தொன்மையானது. தைப்பொங்கலன்று முற்றத்தில் பொங்கலிட்டு ஞாயிற்றுக்குப் படைக்கிறோம். விடியலில் சூரிய நமஸ்காரம் செய்கிறோம். மனத்துக்கும் உடலுக்கும் அது நல்ல பயிற்சி. ஆனால் காலை இளவெயிலில் நின்றால் வைட்டமின் ‘டி’ நிறையக் கிடைக்கும் என்று பலர் சொல்வது சரியன்று. சூரியன் அடிவானத்தில் தாழ்ந்திருக்கும்போது அதன் ஒளி காற்று மண்டலத்தின் ஊடே சாய்வாக நெடுந்தொலைவு வருகிறது. வழியிலேயே ஓசோன் ‘பி’ கதிரை ஏறத்தாழ முழுவதும் வாங்கிக்கொள்கிறது.  பாசிக்கும் நமக்கும் இதில் வேறுபாடில்லை. ‘பி’ கதிர் வந்தால்தான் வளையம் திறக்கும்.

இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பிள்ளைகள் கோயில் முற்றத்திலோ பள்ளித் திடலிலோ செய்து பார்க்கலாம். ஓர் அடி நீளமுள்ள குச்சியைச் செங்குத்தாக நட்டு, காலை 8 மணி முதல் அரை மணிக்கு ஒருமுறை அதன் நிழலை அளந்து குறித்து வாருங்கள். நிழல் குச்சியைவிட நீளமாக இருக்கும்வரை ‘பி’ கதிர் மிகக் குறைவு. நிழல் குச்சியைவிடக் குறுகிய பிறகே அது போதிய அளவு வருகிறது. 1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலேசியத் தீபகற்பமும் சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்ததால், நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவதே பகல் 1 மணிக்குத்தான். ஆகவே இங்கே நிழல் குறுகுவது காலை 10 மணிக்குமேல். மாலை 4 மணி அளவில் அது மீண்டும் நீண்டுவிடும். காலை 8 மணிக்குள் நடைப்பயிற்சியை முடித்துக்கொண்டு, பகல் முழுதும் குளிர்சாதன அறையில் இருப்பவருக்கு ஏன் ‘டி’ குறைகிறது என்பது இப்போது விளங்கும்.

நம் தோலின் கருமையும் ஒரு காரணம். மெலனின் என்னும் கருநிறப் பொருள், பாசியின் மைக்கோஸ்போரினைப் போல நம்மைக் காக்கும் மறைப்பு. அதனால் தோல் எரிச்சலும் தோல் புற்றும் நமக்குக் குறைவு. ஆனால் வெளுத்த தோலுடையவரைவிட நாம் கூடுதல் நேரம் வெயிலில் நின்றால்தான் அதே அளவு வைட்டமின் கிடைக்கும். வாரத்தில் சில நாள், நிழல் குறுகிய பிறகு, கைகளிலும் கால்களிலும் கால் மணி முதல் அரை மணி வரை வெயில் படும்படி நடந்துவரலாம். தோல் சூடாகி எரியும்வரை நிற்கக் கூடாது. நெடுநேரம் நிற்பதால் வைட்டமின் மேலும் மேலும் கூடிவிடாது. அளவு மிஞ்சிய முன்வைட்டமினை அதே ஒளி பயனற்ற வேறு பொருள்களாக மாற்றிவிடும். தோல் நோயுள்ளவர்களும், வெயில் ஆகாத மருந்து உண்பவர்களும், எலும்பு வலியுள்ள முதியோரும் மருத்துவரைக் கலந்து இரத்தச் சோதனை செய்துகொள்வது நல்லது. மாத்திரை உண்பவர்களும் அளவு மீறக்கூடாது. வெயிலால் வரும் வைட்டமினுக்கு உடலே எல்லை கட்டுகிறது. மாத்திரைக்கு அப்படிப்பட்ட எல்லை கிடையாது.

நிறைவாக

கடலில் மிதக்கும் ஓர் உயிரணு, தன்னை அழிக்கக்கூடிய கதிரை மறைத்தும் திருத்தியும் தாங்கிக்கொள்கிறது. அந்தக் கதிரின் ஒரு பகுதியைக் கொண்டே மற்ற உயிர்களுக்கு எலும்புறுதி தரும் சத்தையும் உண்டாக்குகிறது. நாம் குடித்த மீனெண்ணெயும், வெயிலில் வைத்த காளானும், நம் தோலும் ஒரே முறையில்தான் வேலை செய்கின்றன. வெயிலை முற்றும் வெறுத்து ஒதுங்குவதும் தவறு; அளவின்றி அதில் கிடப்பதும் தவறு.

வீட்டில் வெளியே செல்லாத பாட்டியும், பரீட்சைக்குப் படித்துக்கொண்டே அறைக்குள் இருக்கும் பிள்ளையும் இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவர்களைக் கையைப் பிடித்து வெளியே அழைத்து வாருங்கள். நிழலை அளந்து பார்த்துவிட்டு, சிறிது தூரம் சேர்ந்து நடந்து வாருங்கள். செலவில்லாத மருந்து அது.